திட்டு, சாபம், மிரட்டல்: மலேசியாவில் எந்தச் சொல்லைச் சட்டம் பிடிக்கும்? முழுமையான வழிகாட்டி

ஜார்ஜ்டவுனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் பல ஆண்டு எழுத்தராக இருந்தேன். லெபோ லைட் நீதிமன்றத்துக்குக் கோப்புகளைச் சுமந்துகொண்டு நடந்தே போய்விடலாம். எங்களைத் தேடி வரும் தமிழர்களின் கையில் பெரும்பாலும் ஒரு போலீஸ் புகார் நகல் இருக்கும். அதில் பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான் இருக்கும்: ‘மேற்படி நபர் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டி மிரட்டினார்.’ என்ன வார்த்தை என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வார்கள். பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி பிடித்து வந்த ஓர் அக்காள், “அதை எப்படித் தம்பி வாயால் சொல்வது? போலீஸ்காரர் என் மகன் வயது” என்றார். அந்த வார்த்தையைச் சொல்லாததால்தான் அவருடைய புகார் இரண்டு மாதமாக அசையாமல் கிடந்தது.

நம் மக்களுக்கு இது புரிவதே இல்லை. ஒரு சொல் நம்மை எவ்வளவு வலிக்கச் செய்தது என்று விசாரணை அதிகாரியும் நீதிமன்றமும் அளக்க முடியாது. என்ன சொல், யார் யாரிடம், எந்த நோக்கத்தில், எந்தச் சூழலில் சொன்னது என்றுதான் அளக்க முடியும். ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் சொல்லைச் சுற்றியே ஓடும். இது பொது விளக்கம். உங்கள் வழக்குக்கு ஒரு வழக்கறிஞரைப் பார்ப்பதற்கு மாற்றாகாது.

பேச்சுரிமை எங்கே நிற்கிறது

‘இது ஜனநாயக நாடு, எனக்குப் பேச உரிமை இருக்கிறது’ என்பவருக்குக் கூட்டரசு அரசமைப்பின் 10-ஆவது விதி பாதிதான் தெரியும். 10(1)(அ) குடிமக்களுக்குப் பேச்சுரிமை தருகிறது. அடுத்த வரியே, 10(2)(அ), அதற்கு வேலி போட நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது: நாட்டின் பாதுகாப்பு, பிற நாடுகளோடு நட்புறவு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றம் செய்யத் தூண்டுதல் ஆகியவை காரணங்கள். 1969 கலவரத்துக்குப் பின் 1971-இல் சேர்ந்த 10(4), குடியுரிமை, தேசிய மொழி, மலாய்க்காரர், சபா, சரவாக் பூர்வகுடிகளின் சிறப்பு நிலை பற்றிய 153-ஆவது விதி, ஆட்சியாளர்களின் இறையாண்மை ஆகியவற்றைக் கேள்விக்குள்ளாக்குவதைத் தடைசெய்யவும் இடம் தருகிறது.

வேலி என்றால் எவ்வளவு உயரமும் போகலாம் என்று பொருளல்ல. 2010-இல் சிவராசா ராசையா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம், ‘கட்டுப்பாடு’ என்ற சொல்லை ‘நியாயமான கட்டுப்பாடு’ என்றே வாசிக்க வேண்டும் என்றது. அதே நீதிமன்றம் 2015-இல் சட்டப் பேராசிரியர் அஸ்மி ஷாரோம் வழக்கில் 1948 தேச நிந்தனைச் சட்டம் அரசமைப்புக்கு உட்பட்டதே என்றும் சொன்னது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் நம் நாட்டின் நிலை விளங்கும்.

10(1)(அ) ‘ஒவ்வொரு குடிமகனுக்கும்’ என்று தொடங்குகிறது. தமிழ்நாட்டிலிருந்து கோலாலம்பூருக்கு வேலைக்கு வந்த தம்பிகள் இதைக் கவனிக்க வேண்டும். பேச்சுரிமை என்று வாதாட அவர்களுக்கு இந்த விதி கைகொடுக்காது. ஆனால் அவர்களை யாராவது மிரட்டினால் புகார் கொடுக்க எந்தத் தடையும் இல்லை. தண்டனைச் சட்டம் கடப்பிதழைப் பார்ப்பதில்லை.

அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்துவிட்டு அங்கே எதையும் பேசலாம் என்று சொல்பவர்களும் உண்டு. அங்கேயும் அப்படி இல்லை. முகத்துக்கு நேரே சண்டைக்கு இழுக்கும் சொல்லுக்குப் பாதுகாப்பில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1942-இல் சாப்ளின்ஸ்கி வழக்கிலேயே சொல்லிவிட்டது. 1966-இல் ஓர் இளைஞர் கூட்டத்தில் பேசும்போது, தன் கையில் துப்பாக்கியைத் திணித்தால் முதலில் குறிவைப்பது அதிபர் ஜான்சனைத்தான் என்றார், கேட்டவர்கள் சிரித்தார்கள். 1969-இல் உச்ச நீதிமன்றம் அது அரசியல் மிகைப்பேச்சு, உண்மையான மிரட்டல் ஆகாது என்று அவரை விடுவித்தது. அந்தச் சிரிப்பும் தீர்ப்பில் இடம்பெற்றது. சூழலை நீதிமன்றம் எப்படிப் பார்க்கும் என்பதற்கு இது நல்ல பாடம். ஆனால் பினாங்கு மாஜிஸ்திரேட்டின் முன் அமெரிக்கத் தீர்ப்பு உங்களைக் காப்பாற்றாது.

முதல் படி: சொல்லைத் தரம் பிரியுங்கள்

வந்த செய்தியை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே அது என்ன வகை என்று குறியுங்கள். ஒரே செய்தியில் நான்கு வகை கலந்திருக்கும். ஒரு கோயில் நிர்வாகத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்திகளாக இவற்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கோயில் கணக்கைவிட வேறெதற்கும் நாம் இவ்வளவு சண்டை போடுவதில்லை என்பது என் அனுபவம்.

‘திருவிழாக் கணக்கு எங்கே? ஆறு மாதமாகியும் ரசீதைக் காட்டாத தலைவர் பதவிக்குத் தகுதியற்றவர்.’ இது விமர்சனம். கசக்கும், ஆனால் குற்றமாகாது. இதற்குப் போலீஸ் நிலையம் போகிறவர் தன் நேரத்தையும் அதிகாரியின் நேரத்தையும் வீணாக்குகிறார்.

‘உண்டியல் பணத்தைத் திருடி வீடு கட்டினான்.’ இது உண்மை என்று உரிமை கோரும் கூற்று. பொய்யானால் அவதூறு. 1957 அவதூறுச் சட்டத்தின்கீழ் சிவில் வழக்குப் போடலாம். தண்டனைச் சட்டத்தின் 499, 500-ஆவது பிரிவுகளின்படி குற்ற வழக்கும் உண்டு, இரண்டு ஆண்டு வரை சிறை. தீபகற்ப மலேசியாவில் சிவில் வழக்குக்குக் கால வரம்பு ஆறு ஆண்டு.

‘உன் குடும்பம் விளங்காது, காளி உன்னைப் பார்த்துக்கொள்வாள், நீ நாசமாய்ப் போவாய்.’ இது சாபம். மண்ணை வாரித் தூற்றுவது நம் பழைய வழக்கம். மலாய்க்கார அதிகாரிக்கு அதை மொழிபெயர்த்துச் சொன்னால் குழம்பிப்போவார். தானே செய்யப்போவதாகச் சொல்லாமல் தெய்வத்திடம் ஒப்படைக்கும் சொல்லை மிரட்டல் என்று நிரூபிப்பது கடினம். ஆனால் நாள்தோறும் இருபது தடவை அனுப்பினால் அது தொல்லை என்ற வகைக்குள் நுழைந்துவிடும்.

‘வழக்குப் போடுவேன், உன்னை உள்ளே தள்ளாமல் விடமாட்டேன்.’ இதைக் கேட்டுப் பயந்து வருபவர்கள் நிறைய. 503-ஆவது பிரிவு ‘தீங்கு’ செய்வதாக மிரட்டுவதைப் பற்றியது. 44-ஆவது பிரிவின்படி தீங்கு என்றால் உடலுக்கோ மனத்துக்கோ பெயருக்கோ சொத்துக்கோ சட்டவிரோதமாகச் செய்யப்படும் கேடு. வழக்குப் போடுவது சட்டப்படியான செயல்.

‘கையைக் காலை உடைப்பேன்’, ‘ஆள் வைத்துத் தூக்கிவிடுவேன்.’ இதுதான் 503 சொல்லும் மிரட்டல். 506-ஆவது பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறை. கொலை, கொடுங்காயம், தீவைப்பு என்று மிரட்டினால் ஏழு ஆண்டு வரை. பெயரை மறைத்துக்கொண்டு மிரட்டியிருந்தால் 507-ஆவது பிரிவு மேலும் இரண்டு ஆண்டு சேர்க்கிறது. போலிக் கணக்கு பாதுகாப்பு என்று நினைப்பவர்களுக்கு இந்த வரி. 503-இன் விளக்கக் குறிப்பில் ஒரு விசித்திரம் உண்டு: உங்களுக்கு வேண்டிய இறந்துபோன ஒருவரின் பெயரைக் கெடுப்பதாக மிரட்டினாலும் அது மிரட்டலே. ‘செத்துப்போன உன் அப்பன் யார் என்று ஊருக்குச் சொல்லட்டுமா?’ என்பதற்கு 19-ஆம் நூற்றாண்டிலேயே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். 1860 இந்தியத் தண்டனைச் சட்டத்திலிருந்து வந்த பிரிவுகள் என்பதால், தமிழ்நாட்டு உறவினர்களுக்கும் 506 என்ற எண் பழக்கமானதாக இருக்கும்.

இவற்றைவிடச் சிக்கலானது நாசூக்கான மிரட்டல். ‘உன் மகள் டியூஷன் முடிந்து எத்தனை மணிக்கு, எந்த வழியாக வருகிறாள் என்று எங்களுக்குத் தெரியும்.’ இதில் ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லை. அதுவே என் பார்வையில் மேலே சொன்ன எல்லாவற்றையும்விட ஆபத்தானது. வட்டி முதலைகள் இப்படித்தான் பேசுவார்கள். இதை நிரூபிக்கச் சூழல் வேண்டும்: முன்பகை, முந்தைய செய்திகள், வீட்டு வாசலின் படத்தை எடுத்து அனுப்பியது, கதவில் ஊற்றிய சிவப்புச் சாயம். கடன் தொடர்பான மிரட்டலுக்கு 1951 கடன் கொடுப்போர் சட்டத்தின் 29பி பிரிவும் உண்டு.

பாலியல் ரீதியாக இழிவுபடுத்தும் சொல்லுக்குத் தண்டனைச் சட்டத்தின் 509-ஆவது பிரிவு, ஐந்து ஆண்டு வரை சிறை. இது பெண்களுக்கு மட்டுமல்ல, எவருக்கும் பொருந்தும்.

சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தியாவில் அதற்கென்று 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. மலேசியாவில் அப்படி ஒரு சட்டம் இல்லை. சாதி இங்கே இல்லை என்று மேடையில் பேசுவோம்; கல்யாணப் பேச்சில் அது நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும். சாதிச் சொல்லால் இழிவுபடுத்தப்பட்டவர், சண்டையைத் தூண்டும் அவமதிப்புக்கான 504-ஆவது பிரிவையும், கீழே சொல்லும் புதிய பிரிவுகளையும் பயன்படுத்த வேண்டும். அந்தச் சொல் ஏன் இழிவு என்பதை மலாய் மொழியில் அதிகாரிக்கு ஒரு வரியில் விளக்கியும் ஆக வேண்டும், ஏனென்றால் அவருக்கு அது வெறும் பெயர்.

இனச் சொல்லுக்கும் இதே கதை. பினாங்கில் 1801-இல் எழுந்த பள்ளிவாசலின் பெயர் கப்பித்தான் கெலிங். அந்தப் பெயரைச் சொல்லிப் பஸ் டிக்கெட் கேட்பவர் யாரையும் இழிவுபடுத்தவில்லை. இந்தியர்களைக் குறிக்கும் அதே கடைசிச் சொல்லை வண்டியை உரசிவிட்டு ஒருவர் உங்கள் முகத்தில் எறிந்தால் அது வேறு. சொல் ஒன்றே, சொன்ன வாயும் நேரமும்தான் வேறு. மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கில் பேசினால் 298-ஆவது பிரிவு காத்திருக்கிறது.

100 ரிங்கிட்டும் புதிய பிரிவுகளும்

2024 ஜூலையில் டிக்டாக்கில் ஈஷா என்ற பெயரில் அறியப்பட்ட நம் தமிழ்ப் பெண் ஒருவர், இணையக் கொடுமைக்கு உள்ளான நிலையில் உயிரை மாய்த்துக்கொண்டார். அதே மாதம் அது தொடர்பான வழக்கில் ஒரு பெண் குற்றத்தை ஒப்புக்கொண்டு கோலாலம்பூர் நீதிமன்றத்தில் கட்டிய அபராதம் 100 ரிங்கிட். மாஜிஸ்திரேட் மனமிரங்கிக் கொடுத்த தொகை அல்ல அது. 1955 சிறு குற்றங்கள் சட்டத்தின் 14-ஆவது பிரிவு அனுமதிக்கும் அதிகபட்சமே அவ்வளவுதான். அந்த நூறு வெள்ளிக்கு எழுந்த கோபம் நாடாளுமன்றம் வரை போனது.

2025 ஜூலை 11 முதல் தண்டனைச் சட்டத்தில் 507பி முதல் 507ஜி வரை புதிய பிரிவுகள் நடப்புக்கு வந்தன. மிரட்டும், வசைபாடும், இழிவுபடுத்தும் சொல்லால் வேண்டுமென்றே ஒருவரைத் தொல்லைப்படுத்தினாலோ அச்சுறுத்தினாலோ 507பி-யின்படி மூன்று ஆண்டு வரை சிறை. நோக்கத்தை நிரூபிக்க முடியாவிட்டாலும், கேட்பவர் அப்படி அஞ்சக்கூடிய சொல்லுக்கு 507சி-யில் ஓராண்டு வரை. அத்தகைய சொல்லால் தூண்டப்பட்டு ஒருவர் தற்கொலைக்கு முயன்றாலோ உயிரிழந்தாலோ 507டி-யில் பத்து ஆண்டு வரை. ஒருவரின் வீட்டு முகவரி, தொலைபேசி எண் போன்ற அடையாள விவரங்களைத் தொல்லைப்படுத்தும் நோக்கில் வெளியிடுவதும் இப்போது குற்றம். பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதற்கு 507ஏ ஏற்கெனவே 2023-இல் வந்துவிட்டது. ஜூலை 11-க்கு முன் பேசிய பேச்சுக்குப் புதிய பிரிவுகள் பொருந்தா; பழைய பிரிவுகளில்தான் தேட வேண்டும்.

இணையத்தில் வந்த சொல் என்றால் 1998 தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-ஆவது பிரிவும் சேரும். 2025 பிப்ரவரி 11 முதல் அதன் அபராத உச்சம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டுக்கும், சிறை ஓராண்டிலிருந்து இரண்டு ஆண்டுக்கும் ஏறியது. பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் கீழ் என்றால் சிறை ஐந்து ஆண்டு வரை. ‘புண்படுத்தும்’ என்றிருந்த சொல் ‘மிக மோசமாகப் புண்படுத்தும்’ என்று மாறியது. ஆறு மாதம் கழித்து, ஆகஸ்ட் 19 அன்று, ஹெய்டி குவா வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் பழைய பிரிவிலிருந்த ‘புண்படுத்தும்’, ‘எரிச்சலூட்டும்’ ஆகிய சொற்கள் அரசமைப்புக்கு முரணானவை என்று தீர்ப்பளித்தது. அதற்கு மேலே கூட்டரசு நீதிமன்றம் இருக்கிறது. இந்தத் தீர்ப்பை நம்பி எதையும் எழுதுவதற்கு முன் இன்றைய நிலையை வழக்கறிஞரிடம் கேளுங்கள். எப்படியானாலும் ‘மிரட்டும்’ என்ற சொல்லைக் குறித்து அந்த வழக்கில் சச்சரவு இல்லை. எரிச்சலூட்ட உரிமை உண்டா என்று நீதிமன்றங்கள் வாதிடலாம். மிரட்ட உரிமை உண்டு என்று எவரும் வாதிடவில்லை.

இரண்டாம் படி: பதில் அனுப்பாதீர்கள், அழிக்காதீர்கள்

‘நீ ஆம்பளையானால் நேரில் வா’ என்று பதில் அனுப்பிய கணத்தில் நீங்கள் புகார்தாரர் என்ற இடத்திலிருந்து இறங்கிவிட்டீர்கள். இரண்டு பக்கமும் புகார் இருந்தால் விசாரணை அதிகாரி இருவரையும் உட்காரவைத்துச் சமாதானம் பேசவே விரும்புவார்.

திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுக்கும்போது எண், நாள், நேரம் மூன்றும் தெரிய வேண்டும். பெயரை மட்டும் பிடிக்காதீர்கள். ‘மணி மெக்கானிக்’ என்று நீங்கள் சேமித்த பெயர் நீதிமன்றத்துக்கு எதையும் சொல்லாது. எண்ணைத் திறந்து அதையும் எடுங்கள். மிரட்டலுக்கு முன்னும் பின்னும் இருந்த உரையாடலையும் சேர்த்து எடுங்கள், உங்களுக்குச் சங்கடமான வரிகள் உட்பட. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அவற்றை எப்படியும் கொண்டுவருவார். முகநூல், டிக்டாக் என்றால் கணக்கின் இணைப்பு முகவரியை எழுதிவையுங்கள். பெயரை ஒரே இரவில் மாற்றிவிடுவார்கள். நேரலையில் பேசியது காற்றில் போய்விடும். பார்த்த இருவரின் பெயரையாவது அன்றே குறித்துக்கொள்ளுங்கள். குரல் பதிவு என்றால் கோப்பை அப்படியே வைத்திருங்கள். கைபேசியைப் புதுப்பிக்கவோ விற்கவோ வேண்டாம். மூலக் கருவிதான் உங்கள் சாட்சி. கணினியிலிருந்து வந்த ஆவணத்தைச் சான்றாக ஏற்க 1950 சாட்சியச் சட்டத்தின் 90ஏ பிரிவு வழி செய்கிறது.

அந்தச் சட்டத்திலேயே 114ஏ என்று 2012-இல் சேர்ந்த பிரிவு ஒன்று உண்டு. ஒரு பதிவில் உரிமையாளராகவோ நிர்வாகியாகவோ எவர் பெயரோ படமோ புனைபெயரோ தோன்றுகிறதோ, அவரே அதை வெளியிட்டார் என்று, மறுத்து நிரூபிக்கப்படும்வரை, நீதிமன்றம் அனுமானிக்கும். இணைய இணைப்பு எவர் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருக்கும் அதே கதி. பிள்ளை அனுப்பிய செய்திக்கு அப்பா பதில் சொல்ல நேர்வது இப்படித்தான். குழு நிர்வாகி பொறுப்பைப் பெருமைக்காக ஏற்றவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள்.

மூன்றாம் படி: எந்தக் கதவைத் தட்டுவது

ஆள் வாசலில் நிற்கிறான் என்றால் 999. மற்றவை எல்லாம் பிறகு.

மிரட்டல் என்றால் போலீஸ் நிலையம். பிரிக்பீல்ட்ஸில் வசிப்பவர் அங்கேதான் போக வேண்டும் என்றில்லை. நாட்டின் எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், அது உரிய மாவட்டத்துக்கு அனுப்பப்படும். ‘இது எங்கள் வட்டாரம் இல்லை’ என்று திருப்பி அனுப்பினால், மரியாதையாகவே, ஆனால் நகராமல், புகாரைப் பதியச் சொல்லுங்கள். இணையப் பதிவை நீக்கத் தொடர்பு பல்லூடக ஆணையத்திடமும் சேர்த்துப் புகார் செய்யலாம், ஆனால் முதலில் சான்று, பிறகு நீக்கம்.

மிரட்டுபவர் கணவர், முன்னாள் கணவர் அல்லது குடும்பத்தினர் என்றால் 1994 குடும்ப வன்முறைச் சட்டம் வேகமான வழி. சமூக நல இலாகா அதிகாரியிடமே ஏழு நாளுக்கான அவசரப் பாதுகாப்பு ஆணை பெறலாம். அதற்கு மாஜிஸ்திரேட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். பினாங்கில் பெண்களுக்கான மாற்ற மையமும், சிலாங்கூர், கோலாலம்பூர் வட்டாரத்தில் பெண்கள் உதவி அமைப்பும் கூடவே வந்து வழிகாட்டும். தாலியான் காசே என்ற அரசு உதவி எண் 15999.

பாலியல் தொல்லைச் சொல்லுக்கு 2022 பாலியல் தொல்லை தடுப்புச் சட்டத்தின்கீழ் தீர்ப்பாயம் இருக்கிறது. வழக்கறிஞர் வைக்க வேண்டாம், பொதுவாக வைக்கவும் முடியாது. 250,000 ரிங்கிட் வரை இழப்பீடு கிடைக்கலாம். வேலையிடத்தில் மேலாளரின் வாய்ச்சொல்லால் நொந்துபோன பெண்களுக்கு இதைச் சொல்லும்போதெல்லாம், இப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்பார்கள். இழப்பீடு கேட்டு சிவில் நீதிமன்றம் போகும் வழியும் உண்டு. 2016-இல் கூட்டரசு நீதிமன்றம் தொல்லை கொடுத்தலைத் தனி உரிமைத் தீங்காக ஏற்றுக்கொண்டது.

படித்துப் படித்து மனம் உடைந்திருந்தால் எந்தக் கதவுக்கும் முன் ஒரு மனிதரிடம் பேசுங்கள். பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, தாலியான் ஹீல் 15555.

நான்காம் படி: புகாரை எழுதுதல்

பட்டர்வொர்த் அக்காளிடம் வருகிறேன். அவருடைய முதல் புகார் முழுதும் இவ்வளவுதான்: ‘நேற்று என் கணவரின் தம்பி தொலைபேசியில் கெட்ட வார்த்தையில் திட்டி மிரட்டினார். எனக்குப் பயமாக இருக்கிறது. நடவடிக்கை எடுக்கவும்.’ இதில் எந்தப் பிரிவைப் பொருத்துவது? எதுவும் பொருந்தாது.

ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, வார்த்தையை வாயால் சொல்ல வேண்டாம், எழுதுங்கள் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுதினார். பிறகு நாங்கள் சேர்ந்து தயாரித்த குறிப்பு இந்த அமைப்பில் இருந்தது (நாளும் விவரமும் மாற்றியிருக்கிறேன்):

‘9.9.2025 செவ்வாய் இரவு 8.40 மணியளவில், பட்டர்வொர்த்தில் என் வீட்டில் இருந்தபோது, என் கணவரின் தம்பி தன் கைபேசி எண்ணிலிருந்து என்னை அழைத்தார். மாமியார் வீட்டுப் பங்கு பற்றிப் பேசினார். நான் கையெழுத்துப் போட மறுத்தேன். அவர் தமிழில் கூறியது: “நாளைக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் உன் மகனை ஸ்கூல் வாசலிலேயே வெட்டுவேன்.” தொடர்ந்து என்னை “...” என்று அழைத்தார். அந்தச் சொல்லின் பொருள் “...”. அழைப்பு ஒலிபெருக்கியில் இருந்தது; என் அக்காள் கேட்டார். 8.52-க்கு அவரிடமிருந்து வந்த வாட்ஸ்அப் செய்தி: “ஞாபகம் இருக்கட்டும்”. அதன் படம் என்னிடம் உள்ளது. மறுநாள் என் மகனைப் பள்ளிக்கு அனுப்பவில்லை.’

புள்ளி வைத்த இடங்களில் உண்மையான சொல் இருந்தது. இங்கே அச்சிட முடியாததை அங்கே எழுதியே ஆக வேண்டும். கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். ‘பயமாக இருக்கிறது’ என்று எவரும் எழுதலாம். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வைத்தது பயத்தின் சான்று.

புகாரை அதிகாரி மலாய் மொழியில் தட்டச்சு செய்வார். தமிழ்ச் சொல்லை ஒலிப்படி எழுதச் சொல்லி, அடுத்து மலாய்ப் பொருளைப் போடச் சொல்லுங்கள். பொருளை மட்டும் போட்டால் ‘கடுஞ்சொல்’ என்று மழுங்கிவிடும். கையெழுத்துக்கு முன் வாசித்துப் பாருங்கள். மலாய் வராதென்றால் வாசிக்கத் தெரிந்தவரை அழைத்துப் போங்கள். கூட்டிச் சொல்லாதீர்கள். ‘கன்னத்தில் அறைவேன்’ என்றதை ‘கொல்வேன்’ என்று எழுதியவரின் வழக்கு குறுக்கு விசாரணையில் ஐந்து நிமிடம் தாங்காது. பொய்ப் புகாரும் குற்றம்.

ஐந்தாம் படி: புகாருக்குப் பிறகு

புகார் எண்ணையும் விசாரணை அதிகாரியின் பெயர், எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு வாக்குமூலத்துக்கு அழைப்பார்கள். அப்போது புகாரில் சொன்னதையே சொல்லுங்கள்.

மௌனம் நீண்டால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஏ பிரிவைப் பயன்படுத்துங்கள். வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றமாக இருந்து, புகார் கொடுத்து நான்கு வாரம் ஆகியிருந்தால், விசாரணை நிலவரத்தை எழுத்தில் கேட்கலாம். இரண்டு வாரத்துக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் அரசுத் தரப்பு வழக்குத் தலைமையிடம், அதாவது சட்டத்துறை அலுவலகத்திடம், முறையிடலாம். நிலையத்தில் போய்க் கத்துவதைவிட இந்த ஒரு பக்கக் கடிதம் வேகமாக வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

சிறிய குற்றம், மாஜிஸ்திரேட்டிடம் போங்கள் என்று போலீஸ் கைவிரித்தால் அதுவும் முடிவல்ல. அதே சட்டத்தின் 133-ஆவது பிரிவின்படி நீங்களே மாஜிஸ்திரேட்டின் முன் நேரடியாக முறையிடலாம். இதற்கு வழக்கறிஞர் இருந்தால் நல்லது. வசதியில்லாதவர்களுக்கு வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்கள் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இருக்கின்றன.

ஆறாம் படி: எழுதியவரே நீங்கள் என்றால்

இந்தப் பக்கத்தை இரவு இரண்டு மணிக்குத் தேடிப் படிப்பவர்களில் சிலர் மிரட்டப்பட்டவர்கள் அல்ல, கோபத்தில் அனுப்பிவிட்டவர்கள். அவர்களுக்கும் உரிமை உண்டு.

போலீஸ் வாக்குமூலத்துக்கு அழைத்தால் போங்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112-ஆவது பிரிவின்படி உங்களைக் குற்றத்தில் சிக்கவைக்கக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கலாம். கைதானால் காரணத்தைச் சொல்ல வேண்டும். உறவினருக்கும் வழக்கறிஞருக்கும் அழைக்க விட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்த வேண்டும். தேசிய சட்ட உதவி அறவாரியத்தின் வழக்கறிஞரைக் கேளுங்கள். குடிமக்களுக்குக் கைது, தடுப்புக்காவல் கட்டத்தில் அது உதவும். விளையாட்டுக்குச் சொன்னேன் என்பது உண்மையானால், அது விளையாட்டு என்று காட்டும் முழு உரையாடலும் உங்கள் கைபேசியில்தான் இருக்கிறது. அதைப் பதற்றத்தில் அழித்துவிட்டு வருபவர்களுக்கு எந்த வழக்கறிஞராலும் உதவ முடியாது. பொதுவில் கிடக்கும் பதிவு என்றால், படம் எடுத்து வைத்துக்கொண்டு, வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு இறக்குங்கள்.

மன்னிப்புக் கேட்பதானால் அதையும் வழக்கறிஞர் பார்த்தபின் அனுப்புங்கள். ‘யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்’ என்று எழுதாதீர்கள். வாங்குபவருக்கு அது இரண்டாவது திட்டு. நான் தட்டச்சு செய்த மன்னிப்புக் கடிதங்களில் எதிர்த்தரப்பு ஏற்றுக்கொண்ட ஒன்று மூன்றே வரி: ‘சனிக்கிழமை இரவு குழுவில் உங்களைத் திருடர் என்று எழுதினேன். அதற்கு என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. அதே குழுவில் இதையும் பதிவிடுகிறேன்.’